பதினான்குக்குப் பதில் முப்பத்தொன்று

அப்பாவுக்குக் கொல்கத்தா பவானிபூரில் ஒரு சின்ன மளிகைக்கடை. இட்லி அரிசியும் அப்பளமும் காப்பித்தூளும் வாங்க வரும் நம்மூர்க்காரர்களிடம் என்னைப் பற்றி அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "எம் மவ ஆட்டுக்கு எடை பாக்கா. அதுக்கு கவர்மெண்டு மாசாமாசம் சம்பளம் குடுக்கு." பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு, "இல்ல, குடுக்கேன்னு சொல்லிருக்கு" என்று அவரே திருத்திக்கொள்வார்.

திருத்தம் நியாயமானது. கால்நடை மருத்துவம் படித்து, மேற்படிப்பும் முடித்து, கொல்கத்தாவிலேயே முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தேன். மத்திய அரசின் உதவித்தொகை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்த அன்று பெஹாலாவில் எங்கள் வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். அந்தப் பாயசம் செரித்து எட்டு மாதம் கழித்து முதல் தொகை வந்தது. பிறகு நின்றது. பிறகு மொத்தமாக வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன், ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று என் கைடு மாதம் தவறாமல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். மேலே இருந்தவர்களுக்கு அதில் சந்தேகம் போலும்.

தாமதத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சோறு வீட்டில் கிடைத்தது. என்னை அரித்தது வேறு. முதல் இரண்டு வருடம் ஜூனியர் ஆய்வாளர் என்று கணக்கு. இரண்டு வருடம் முடிந்ததும் வெளியூர் நிபுணர்கள் சேர்ந்த ஒரு குழு வந்து உட்காரும். செய்த வேலையைக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால் சீனியர் ஆய்வாளராகி இன்னும் மூன்று வருடம் ஓடலாம். சரியில்லை என்றால் உதவித்தொகை அன்றோடு சரி. எனக்கு அந்தக் குழு டிசம்பரில் வருவதாக இருந்தது. வங்கி குமாஸ்தா தேர்வுக்கான தடித்த புத்தகம் ஒன்றை அப்பா முன்கூட்டியே வாங்கிக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

குழுவிடம் காட்ட என்னிடம் இருந்ததெல்லாம் நாற்பது ஆட்டுக்குட்டிகள். வங்காளத்தின் கறுப்பாடு குள்ளமானது, சாது, எதையும் தின்னும். கேனிங் போகும் லோக்கல் ரயிலில் பாலிகஞ்சிலிருந்து ஒரு மணி நேரம் போய், அங்கிருந்து டோட்டோ என்று இங்கே சொல்லும் பேட்டரி ரிக்ஷாவில் இருபது நிமிடம் போனால் ஒரு கிராமம். அங்கே வீட்டுக்கு ஒன்றிரண்டாக வளர்ந்த குட்டிகளில் நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். இருபதுக்குப் பூச்சி மருந்தும் தாது உப்புக் கட்டியும் கொடுப்பது, மற்ற இருபதை அவர்கள் வளர்க்கிறபடியே விடுவது, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் தொங்கு தராசில் மாட்டி எடை பார்ப்பது. கேட்பதற்கு எளிது. தராசில் மாட்டிய ஆடு அதை ஒப்புக்கொள்ளாது. என் முழங்கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

ஆடுகளுக்கு அடையாளம் வேண்டும். காதில் ஓட்டை போட்டு மாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகள் வாங்க, செலவுத்தொகையின் இரண்டாம் தவணை வர வேண்டும். அதுவும் வரவில்லை. துறையின் அலமாரியில் யாரோ பழைய மாணவர் விட்டுப்போன வில்லைகள் சரியாக இருபது கிடந்தன. மருந்து கொடுக்கும் இருபது குட்டிகளுக்கும் அவற்றை மாட்டி, ஒன்று முதல் இருபது வரை எண் கொடுத்தேன். மற்ற இருபதுக்கும் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளிலிருந்து கரையைக் கிழித்துக் கழுத்துப்பட்டி தைத்து எண் எழுதிக் கட்டினேன். அம்மா கிழிக்கக் கொடுத்தாளே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை. "படிச்ச படிப்புக்கு ஆட்டுக்கு சீலை கட்டுதா" என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியிடம், அவருக்குப் புரியாத தமிழில் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். வில்லையிலும் இல்லை, மருந்திலும் இல்லை. காகிதத்தில்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். படிவத்தை நான்தான் தயாரித்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் "குடும்பத் தலைவர்" என்று அடித்திருந்தேன். காலை எட்டரைக்குப் பாலிகஞ்சில் ரயில் ஏறுவேன். எதிர் நடைமேடையில் அதே கேனிங் பக்கத்திலிருந்து வந்த ரயில் நிற்கும். மகளிர் பெட்டியிலிருந்து நூறு பெண்கள் இறங்கி, பாலிகஞ்ச் அடுக்குமாடி வீடுகளில் சமைக்கவும் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் என் பெட்டிக்குப் போவேன். நான் தேடிப் போகும் ஆடுகளின் சொந்தக்காரிகள் என் தோளை இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஆறு மாதம் தெரியாது. கிராமத்தில் பகலில் இருந்த புருஷன்மார்களிடம் கையெழுத்து வாங்கினேன். அவர்களும் பெருந்தன்மையாகப் போட்டார்கள். சொந்தமில்லாத பொருளுக்குக் கையெழுத்துப் போடுவதில் என்ன கஷ்டம்.

மேயிலிருந்து செப்டம்பர் வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. மருந்து தின்ற குட்டிகள் மற்றவற்றைவிட நன்றாக எடை போட்டன. துர்கா பூஜை விடுமுறை முடிந்த மறுவாரம் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு கிராமத்துக்குள் நுழைந்தபோது முதல் வீட்டு மாஷி என்னைத் தடுத்தாள். மாஷி என்றால் சித்தி. தனியாக வாழும் விதவை. முட்டிவலியால் நகர வேலைக்குப் போவதை விட்டுவிட்டவள். பகலில் அந்தக் கிராமத்தில் நான் பார்த்த ஒரே ஆட்டுக்காரி. என் முப்பத்தொன்றாம் எண் அவள் வீட்டில்தான் வளர்ந்தது.

"இன்னைக்கு எடை போடாதே, டாக்டர். இனிமேலும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"யார் சொன்னாங்க?"

"ஆட்டுக்காரிங்கதான். ரயில்ல பேசி முடிவு பண்ணிட்டாங்க. உன் மஞ்சள் வில்லையையும் எடுத்துட்டுப் போயிடு."

வெற்றிலையை மடித்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். மூன்றாவது வீட்டுக்காரி போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து படுத்தபோது காளியிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பெண் பிழைத்தால், தன் வீட்டில் வளர்ந்த கறுப்புக் கிடாய் ஒன்று. பெண் பிழைத்தாள். அதற்கென்று குட்டியையும் வளர்த்தாள். அது என் பதினான்காம் எண். காளிக்குக் கொடுக்கும் கிடாயின் உடம்பில் ஒரு குறை இருக்கக் கூடாது. காயடித்திருக்கக் கூடாது, கொம்பு ஒடிந்திருக்கக் கூடாது, காது கிழிந்திருக்கக் கூடாது. நான் அதன் இடது காதில் பெருவிரல் நுழையாத குறையாக ஓட்டை போட்டு நம்பர் மாட்டியிருந்தேன். காளி பூஜைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அன்று வெறும் தராசோடு திரும்பினேன். குழுவின் முன் நிற்கக் கடைசி இரண்டு எடைகளும் அவசியம். அவை இல்லாமல் பாதி அட்டவணையை வைத்துக்கொண்டு அங்கே போனால், அப்பாவின் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கும் புத்தகத்தை எடுத்துப் படிக்க வேண்டியதுதான். ரயிலில் உட்கார்ந்து அழுதேன் என்பதை மறைப்பானேன். கடலை விற்கிறவர் ஒரு பொட்டலம் சும்மா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, நேந்துவிட்ட கிடாயா? அது காதுலயா ஓட்டை போட்ட? கூறு இருக்கா ஒனக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல சொடலைக்கு நேந்துவிட்ட கிடாய யாராவது தொடுவாகளா? அது எந்த வயல்ல மேஞ்சாலும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாக. சாமி கிடான்னு தெரியணும்னு காதுலதான் வெட்டி விடுவாக."

"பாத்தியா, அங்க காதுல வெட்டுனாத்தான் சாமி கிடா. நான் வெட்டுனதுல என்ன தப்பு?"

"அந்தச் சாமிக்கு அது. இந்தச் சாமிக்கு இது. நீ என்ன ரெண்டு சாமிக்கும் நடுவுல நாட்டாமையா? போய் அந்தக் கிடாய வளத்த பிள்ளையப் பாத்துக் கேளு. ஆம்பளையட்ட கேட்டுட்டு வந்து நிக்கா."

ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகிறது. அம்மாவுக்கு வங்க மொழி இன்னும் தடவல்தான். ஆனால் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பதை அவள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் கோபம் அதிகம் வருகிறது.

மறுநாள் கைடிடம் சொன்னேன். அவர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வங்காளி. "கிடாய்க் குட்டியா எடுத்தியே, காளி பூஜை எப்ப வருதுன்னு காலண்டர் பாத்தியா?" என்று கேட்டார். திட்டத்தைப் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த விஷயத்தை இரண்டு பேரும் மரியாதையாக மறந்துவிட்டோம். வேறு ஆடு வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றேன். "செலவுத்தொகையில சாமிக்கு ஆடு வாங்க விதி இல்ல" என்றார். "வந்தால்தானே சார் செலவுத்தொகை" என்றேன். சிரித்துவிட்டு, "போய் அந்தம்மாவைப் பாரு" என்றார். அம்மா சொன்னதையே சொல்ல அவருக்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது.

அன்று மாலை நான்கு மணிக்கே பாலிகஞ்ச் நடைமேடையில் போய் நின்றேன். மகளிர் பெட்டி நிற்கும் இடத்தில் பெண்கள் கும்பல் கும்பலாகத் தரையில் உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரிக்கு மாஷி அடையாளம் சொல்லியிருந்தாள், வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று. கண்டுபிடித்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அக்கா என்ற பொருளில் "திதி" என்று கூப்பிட்டு, நான்தான் ஆட்டு டாக்டர் என்றேன்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "ஓ, நீதானா. காலையில என்னைத் தள்ளிட்டு ஓடுறவ" என்றாள்.

ரயில் வந்தது. நானும் ஏறினேன். நிற்கவும் இடமில்லாத கூட்டத்தில் ஆட்டுக்காரிகள் பதினொரு பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இதைவிடக் கடினமான நேர்காணலை நான் அதற்கு முன்பும் பின்பும் சந்தித்ததில்லை.

திதி குரலை உயர்த்தவே இல்லை. "நான் காலை நாலு மணிக்கு எழுந்து பலா இலை ஒடிச்சுப் போட்டுட்டு ரயில் ஏறுறேன். குட்டிக்கு வயிறு உப்பினா எனக்குத்தான் தெரியும். அதோட அம்மாவை நான் இங்க பாத்திரம் தேய்ச்சு வாங்கினேன். நீ யார்கிட்ட கேட்டே? அந்த மனுஷனுக்கு நம்ம வீட்டுல எத்தனை ஆடு இருக்குன்னு கேட்டுப் பாரு, தெரியாது."

"தப்புதான், திதி."

"நீயும் பொம்பளைதானே. நீ வேலைக்குப் போறியே, நான் எங்க போயிருப்பேன்னு உனக்குத் தோணலியா?"

வேறு ஆடு சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். சந்தை ஆடு எதைத் தின்று எப்படி வளர்ந்ததோ. அவள் வேண்டிக்கொண்டது வீட்டில் வளர்ந்த ஆடு. "என் வீட்டுல இல்லேன்னா எங்க பாடாவிலயாவது வளர்ந்திருக்கணும்" என்றாள். பாடா என்பது அக்கம்பக்கம், நம் தெரு. அந்தப் பாடாவில் இருந்த நல்ல கறுப்புக் கிடாய்களில் எதையெல்லாம் நான் ஓட்டை போட்டேன் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பொறி தட்டியது. ஓட்டை போட்டது இருபதுக்குத்தான். மீதி இருபதுக்கும் கழுத்தில் அம்மாவின் சேலைக்கரைதான். அவற்றின் காது முழுசு.

"மாஷியோட கிடாய்" என்றேன். "முழுக் கறுப்பு. காதுல நான் கை வைக்கல."

திதி கொஞ்சம் யோசித்தாள். "மாஷி தர மாட்டா. அவ ஈயாப்பத்தி" என்றாள். அப்படிச் சொல்லவில்லைதான், வங்க மொழியில் அதற்கு ஒரு சொல் சொன்னாள். பொருள் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெண்களும் வீட்டில் இருப்பார்கள். அன்று போனேன். அம்மாவும் கூட வந்தாள். எதற்கு என்றால், "நீ பேசி இன்னும் ரெண்டு கிடாய்க்கு ஓட்டை போட்டுட்டு வருவே" என்றாள். கிராமத்தில் தன் சேலைக்கரைகள் இருபது கழுத்துகளில் புல் மேய்வதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது என் தலைதீவாளிச் சீலைல்லா" என்று ஒரு குட்டியைக் காட்டினாள்.

மாஷி வாசலில் பேரம் தொடங்கியது. என் கிடாயை ஏன் மாற்றித் தர வேண்டும், ஓட்டைக் காதுக் கிடாயை வைத்து நான் என்ன செய்வேன் என்று மாஷி கேட்டாள். அவள் கேட்டதும் சரிதான். நான் தராசை மாமரக் கிளையில் மாட்டினேன். முதலில் முப்பத்தொன்றைத் தூக்கிக் காட்டினேன். பிறகு பதினான்கை. முள் ஒன்றரைக் கிலோ தள்ளி நின்றது. ஐந்து மாதத் தாது உப்பு.

மாஷி முட்டிவலியை மறந்து எழுந்து வந்து முள்ளைப் பார்த்தாள். கிடாயின் இடுப்பை அமுக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போ" என்றாள் திதியிடம். "ஓட்டை காதுலதானே, தொடையில இல்லியே. காயடிச்சு வளர்த்தா கறிக்கு நல்ல விலை போகும்."

இரண்டு வருட ஆராய்ச்சியில் ஒரு விவசாயி என் முடிவை நம்பிச் செயல்பட்டது அதுதான் முதல் தடவை. கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் அதில் வரவில்லை. அம்மா பதினான்கின் ஓட்டைக் காதைத் தடவி, "பொழச்ச போ" என்று தமிழில் சொன்னாள். அது பலா இலையைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் வீடு வீடாகப் போய்ப் புதிய படிவத்தில் ஒப்புதல் வாங்கினேன். "குடும்பத் தலைவர்" என்ற இடத்தை அடித்துவிட்டு "ஆட்டை வளர்ப்பவர்" என்று எழுதியிருந்தேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு அவர்களுடைய ஆட்டுக் கழுத்துப்பட்டிகளை அவிழ்க்கப் போனேன். மறுப்பதற்கும் விடுகிறேனா என்று பார்த்தார்கள் போல. அவிழ்த்து முடிப்பதற்குள் சரி என்றார்கள். கடைசி இரண்டு எடைகளுக்கும் இனித் தடையில்லை.

காளி பூஜை முடிந்த இரண்டாம் நாள் காலை பாலிகஞ்சில் திதி எதிர் ரயிலிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கையில் எவர்சில்வர் டப்பா. வெங்காயம் பூண்டு இல்லாமல், இஞ்சியும் சீரகமும் போட்டுச் சமைத்த பிரசாதக் கறி. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து நான் அதைத் தின்றேன். மெத்தென்று இருந்தது. மருந்து கொடுக்காத கூட்டத்தின் முப்பத்தொன்றாம் எண், ஐந்து மாத எடை அட்டவணை. தன் ஆராய்ச்சித் தரவை இப்படி விரல் சூப்பித் தின்ற ஆய்வாளர் வேறு யாரும் இருப்பார்களா தெரியவில்லை.

டிசம்பரில் குழு வந்தது. ஐந்து பேர். முந்தின வாரமே கூடப் படித்தவர்கள் அறிவுரை சொல்லிவிட்டார்கள். முப்பத்தொன்று நிமோனியாவில் செத்தது என்று எழுதிவிடு, யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். ஆட்டுக்குட்டி நிமோனியாவில் சாவது இயல்பு, யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதக் கை வரவில்லை. ஒரு முறை தப்பான ஆளிடம் கேட்டு எழுதியதன் பலனைத்தான் பார்த்தாகிவிட்டதே.

அட்டவணையைத் திரையில் போட்டதும் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் விரலை நீட்டினார். "நாற்பதில் ஒன்று குறைகிறது. முப்பத்தொன்று என்ன ஆயிற்று? நோயா?"

"இல்லை சார். காளிக்குப் பலி கொடுத்தார்கள். பிரசாதத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்தது."

என் கைடு தன் தட்டில் இருந்த சிங்காராவை, நம்மூர் சமோசாவை, அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வில்லை தீர்ந்தது, சேலைக்கரை, ரயில், புருஷன்மார், தராசு எல்லாம். எனக்குக் கொடுத்த நேரம் தாண்டியும் யாரும் மணி அடிக்கவில்லை.

குழுவில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். "அப்படியானால் எல்லா வீட்டிலும் தப்பான ஆளிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்கள்" என்றார்.

"ஒரு வீட்டைத் தவிர, மேடம்." புதிய படிவங்களை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கையெழுத்துகள், கைரேகைகள், ஒன்றில் மஞ்சள் கறை. ஏன் பாதிக்கு வில்லை, பாதிக்குத் துணி என்று டெல்லியிலிருந்து வந்தவர் கேட்டார். செலவுத்தொகை இன்னும் வரவில்லை சார் என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். வங்கித் தேர்வுப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டு, தொடரலாம் என்றார்கள். ஆட்டின் சொந்தக்காரர் யார் என்பதை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக எழுத வேண்டும் என்று அந்தப் பெண்மணி நிபந்தனை போட்டார். கதவு வரை போன என்னைக் கூப்பிட்டு, கறி எப்படி இருந்தது என்று மூக்குக்கண்ணாடிப் பெரியவர் கேட்டார். நன்றாக இருந்தது சார் என்றேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர், "அந்தப் பொஸ்தகம் யாருக்காவது வேணுமான்னு கேளு, பாதி விலைக்குக் குடுத்துரலாம்" என்றார். அவருக்கு அதைவிடச் சந்தோஷமாகப் பேச வராது.

சாயங்காலம் பாலிகஞ்ச் நடைமேடைக்குப் போனேன். ஆட்டுக்காரிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். பொரி வந்தது.

"இன்னும் மூணு வருஷம் குடுக்குறாங்க, திதி" என்றேன்.

"ஆட்டுக்கு எடை பாக்கவா?"

"ஆமா."

திதி பொரியை மென்றுகொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"பதினாலோட அம்மா போன வாரம் குட்டி போட்டிருக்கா. ரெண்டு. ஒண்ணு கிடாய். அது யாருக்கும் நேந்துக்கிட்டது இல்ல" என்றாள். "என் ஆடு. நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வந்து காதைக் குத்திக்கோ."